மேஸ்திரியின் கட்டர் மெஷினைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் மாற்ற, தெரிந்தவர் சொன்ன மேஸ்திரி ஒருவரிடம் பொருள், கூலி எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய்க்கு மொத்தமாகப் பேசினோம். கூகுள் பேயில் 50,000 கொடுத்தாயிற்று. வாட்டம் தப்பாக வைத்துவிட்டார். தண்ணீர் ஜாலிப் பக்கம் போகாமல் வாசற்படிக்கு வருகிறது. நாலைந்து டைல்ஸைத் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்கிறது. கூப்பிட்டால் "பெங்களூரு சைட்ல இருக்கேன், வர்றேங்க" என்றார். இப்போது போனே எடுப்பதில்லை. போலீஸில் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. அவருடைய டைல்ஸ் கட்டர் எங்கள் வீட்டில் கிடக்கிறது. பணம் வரும்வரை அதைப் பிடித்து வைக்கலாமா? அடுத்து வாட்டர் ஹீட்டருக்கு லைன் இழுக்க வேண்டும். அதற்காவது நம்பிக்கையான ஆளை எப்படிப் பிடிப்பது?
– வாசகி, பாலக்கோடு

பதில்: கட்டரைக் கொடுத்துவிடுங்கள் அம்மா. நீங்கள் வழக்குப் போட்டு ஜெயித்து, ஜப்தி வரைக்கும் போனாலும் கைத்தொழில் செய்பவரின் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் 60-ஆவது பிரிவு. கோர்ட்டே தொடாத பொருளை நீங்கள் பூட்டி வைத்தால், நாளைக்கு ஸ்டேஷனில் புகார்தாரராக நிற்கப்போவது அவர். அவர் வீட்டாரை வரச்சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் சொன்னதும் பெரும்பாலும் சரிதான். ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு, அதாவது பழைய 420, பொருந்தும். வந்தார், வேலை செய்தார், கெடுத்துவிட்டார் என்பது மோசடி ஆகாது.

எழுத்தில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். கூகுள் பே கணக்கு, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய வாய்ஸ், அளவு எடுத்த சீட்டு எல்லாம் சாட்சி. அந்த போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய "மொத்தமாகப் பேசினோம்" என்பதுதான் உங்களுக்குப் பலம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 காசு கொடுத்துப் பெறும் சேவைக்குப் பொருந்தும்; சொந்த வேலையாளாக வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பொருந்தாது. இந்த வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் அலசியது. அது டாக்டர்களைப் பற்றிய வழக்கு என்றாலும் கொத்தனாருக்கும் அதே அளவுகோல்தான். நாள் கூலிக்கு ஆள் விட்டு, "இங்க ஒட்டு, அங்க பூசு" என்று நீங்களே நின்று வேலை வாங்கியிருந்தால், அவர் உங்கள் கூலியாள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். நீங்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். கான்ட்ராக்டாகப் பேசி, எப்படிச் செய்வது என்பதை அவர் பொறுப்பில் விட்டதால் நீங்கள் நுகர்வோர். நம் பக்கம் கூலிக்கு விட்டால் மிச்சம் என்று நினைக்கிறோம். சின்ன வேலைக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வேலை கெட்டால் நஷ்டம் உங்கள் தலையில்.

அவர் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய நுகர்வோர் சட்டத்தின் 34-ஆவது பிரிவு இடம் தருவதால், தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் நடத்தலாம் (என் தொழிலுக்கு விரோதமாகச் சொல்கிறேன்). கெடு இரண்டு வருஷம்.

ஆத்திரத்தில் டைல்ஸை இடித்துவிடாதீர்கள். நான் பார்த்த இந்த மாதிரிப் புகார்கள் பலவும் இதில்தான் பலவீனமாகின்றன. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள். பொள்ளலாக இருக்கும் டைல்ஸில் சாக்பீஸால் குறி போட்டு, தட்டும் சத்தத்தோடு பதிவு செய்யுங்கள். ஒரு சிவில் இன்ஜினியரை வரவழைத்து, என்ன குறை, திருத்த எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். பிறகு மேஸ்திரியின் ஊர் முகவரிக்கு, 15 நாளில் வந்து சரிசெய்யாவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து செலவை வசூலிப்பேன் என்று ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் வேறு ஆளை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் தரவேண்டிய பாக்கி 15,000-ஐக் கழித்துத்தான் கணக்கு வரும். இதுதான் சமயம் என்று விலை கூடிய டைல்ஸாகப் போட்டுவிட்டு அதையும் அவர் தலையில் கட்ட முடியாது.

ஆனாலும் இந்தத் தொகைக்கு நான் முதலில் அனுப்புவது தர்மபுரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத்தான். வழக்குப் போடும் முன்பே மனு கொடுக்கலாம். அவரை அழைத்துப் பேசுவார்கள். பெண் என்பதால் வருமானம் பாராமல் உங்களுக்கு இலவச வக்கீல் கிடைக்கும். லோக் அதாலத்தில் சமரசமானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. பெங்களூரு போகிறவர்கள் பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஊருக்கு வராமல் இருக்க மாட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து விசாரணைத் தேதி கேளுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதைவிட, இரண்டு நாள் வந்து வாட்டத்தைச் சரிசெய்து கொடுப்பது அவருக்கும் சுலபம்.

ஹீட்டர் விஷயம். கொத்தனாருக்கோ பெயிண்டருக்கோ லைசென்ஸ் கிடையாது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை உதவித்தொகைக்கான பதிவுதானே தவிர, வேலைத் திறமைக்கான சான்று அல்ல. எலக்ட்ரீஷியன் கதை வேறு. பல்பு, ஃபேன், ஸ்விட்ச் மாற்றுவதை யாரும் செய்யலாம்; புது லைன் இழுப்பது உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாகத்தான் நடக்க வேண்டும். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமத்தையும், வேலைக்கு வருபவரின் வயர்மேன் தகுதிச் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள். என்ன வேலை, என்ன ஒயர், மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று அவரிடம் பதில் வாங்குங்கள். ஹீட்டருக்கு எர்த் சரியாக வந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.