எத்தனை பெட்டி, எத்தனை லிட்டர்: கலிஃபோர்னிய அறுவடைக்கு முன் போட வேண்டிய கணக்கு

லோடி வட்டாரத்தில் ஜின்ஃபண்டெல் அறுவடை நெருங்கிவிட்டது. வீட்டில் ஒயின் செய்கிறவர்கள் 36 பவுண்டுப் பெட்டிகளுக்குச் சொல்லிவைக்கும் நேரம் இது. எத்தனை பெட்டி என்று முடிவு செய்யுமுன் வீட்டில் என்னென்ன குடுவைகள் இருக்கின்றன என்று பாருங்கள். கடைசியில் எத்தனை புட்டி தேறும் என்பதைவிட, நொதித்து முடிந்த ஒயின் எந்தக் குடுவையில் கழுத்து வரை நிற்கும் என்பதுதான் முக்கியம். நொதிக்கும்போது கிளம்பும் கரியமில வாயு ஒயினைக் காற்று தீண்டாமல் காக்கும். நொதிப்பு அடங்கியதும் அந்தக் காப்பு போய்விடும். 23 லிட்டர் குடுவையில் 17 லிட்டர்தான் இருக்கிறதென்றால், மேலே நிற்கும் 6 லிட்டர் காற்று ஒயினை வினிகராக்கும் பாக்டீரியாவுக்குத் தாராளமாகப் போதும். அதற்கு முன்பே நிறமும் மணமும் மங்கத் தொடங்கும். அதனால் கிடைக்கப்போகும் அளவைக் குறைத்தே மதிப்பிடுங்கள், பழத்தைச் சற்றுக் கூடுதலாக வாங்குங்கள்.

ஆறு பெட்டி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 98 கிலோ. காம்பு நீக்கினால் நான்கு கிலோ போல் குறையும். மீதியைப் பிழிந்தால் தோலும் விதையும், அவை விடாமல் பிடித்துக்கொண்ட சாறுமாகச் சக்கையில் இருபது கிலோவுக்கு மேல் தங்கிவிடும். ஏறக்குறைய 70 கிலோ சாறு மிஞ்சுகிறது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: 70 கிலோவை 70 லிட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 24 பிரிக்ஸ் இனிப்புள்ள சாறு தண்ணீரைவிடச் சுமார் பத்து சதவீதம் கனமானது; 70 கிலோ சாறு 64 லிட்டர்தான் இருக்கும். பிறகு ஈஸ்டும் பழத்துகளும் அடியில் படியும். வண்டலை விட்டுவிட்டுத் தெளிந்ததை இரண்டு மூன்று முறை வேறு குடுவைக்கு மாற்றுவதற்குள் இன்னும் ஐந்து லிட்டராவது போகும். ஆக ஆறு பெட்டிக்கு 58 அல்லது 59 லிட்டரை எதிர்பார்க்கலாம். பிழிந்த அன்று 23, 23, 19 லிட்டர்க் குடுவைகள் வேண்டும். முதல் வடிப்புக்குப் பின் 23, 23, 11 போதும். மிஞ்சும் ஒன்றிரண்டு லிட்டரைச் சிறு புட்டிகளில் அடைத்து வையுங்கள். பெரிய குடுவைகளில் அளவு குறையும்போது ஊற்றி நிரப்ப அது வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லாப் பழத்துக்கும் ஒரேபோல் பொருந்தாது. கேபர்னே சாவின்யோன் போன்ற சிறுமணித் திராட்சையில் தோலும் விதையும் அதிகம், சாறு குறைவு. ஜின்ஃபண்டெலில் சிக்கல் வேறு: ஒரே கொத்தில் பச்சைக்காயும் பழமும் உலர்ந்து சுருங்கிய மணியும் சேர்ந்திருக்கும். சுருங்கிய மணி எடையில் ஏறும், சாற்றில் ஏறாது. சாற்றில் ஊறிய பிறகுதான் தன் சர்க்கரையை விடும். நசுக்கிய அன்று ஹைட்ரோமீட்டர் காட்டுவதை நம்பிவிடாமல் அடுத்த நாள் மறுபடி அளந்து பாருங்கள். வெள்ளைத் திராட்சையை நொதிக்குமுன்பே பிழிவதால் வழவழப்பான சதை சாற்றை எளிதில் விடாது. அதற்கு இன்னும் குறைத்தே கணக்கிடுங்கள்.

அழுத்திப் பிழிந்தால் கூடுதலாகக் கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும், ஆனால் அது வேறு தரம். அழுத்தம் ஏற ஏறத் தோலிலுள்ள பொட்டாசியம் இறங்கிப் புளிப்பைக் குறைக்கும், விதையின் துவர்ப்பும் கசப்பும் சேரும். ஷாம்பெயின் வட்டாரம் இதை விதியாகவே எழுதிவைத்திருக்கிறது: 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. அதிலும் முதல் 2,050 லிட்டர் ஒரு தரம், அடுத்த 500 லிட்டர் இன்னொரு தரம் என்று பிரித்தே வைப்பார்கள். கிலோவுக்கு 0.64 லிட்டர்கூட இல்லை. அங்கே நொதிக்காத பழத்தை மென்மையாகப் பிழிகிறார்கள், சிவப்பு ஒயினுக்கு இது பொருந்தாது என்பது நியாயமான மறுப்பு. நொதித்துத் தளர்ந்த தோல் இன்னும் எளிதாகவே விடும். ஆனால் அப்படிக் கூடுவதில் பெரும்பங்கு கலங்கல்தான், பின்னால் வண்டலாக இறங்கிவிடும். ஆகவே கடைசி அழுத்தத்தில் வருவதைத் தனிக் குடுவையில் பிடியுங்கள். சுவைத்துப் பார்த்தபின் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

தண்ணீர் சேர்த்து அளவைச் சரிக்கட்டலாம் என்பவர்களும் உண்டு. பழம் மிகப் பழுத்து 26 பிரிக்ஸைத் தாண்டிவிட்டால், புளிப்பு சேர்த்த தண்ணீரைக் கொஞ்சம் விடுவதில் தவறில்லை. இல்லாவிட்டால் ஈஸ்ட் திணறி நொதிப்பு பாதியில் நின்றுவிடும். அது சர்க்கரையைச் சீராக்கும் வேலை. குடுவையை நிரப்புவதற்காக ஊற்றும் தண்ணீர் சுவையை நீர்க்கச் செய்வதைத் தவிர வேறெதுவும் செய்யாது. இடைவெளி சிறிதென்றால் சுத்தமான கண்ணாடிக் கோலிகளைப் போட்டு மட்டத்தை உயர்த்தலாம். ஐந்தாறு லிட்டர் வெற்றிடத்துக்கு அது ஆகாது.

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல், வயதுவந்த ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலனும் இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 கேலனும் செய்யலாம். ஆறு பெட்டி அதன் அருகில்கூட வராது. இந்த வாரம் 4 லிட்டர், 11 லிட்டர்க் குடுவைகளை வாங்கிக் கழுவி வையுங்கள்; அறுவடை தொடங்கினால் கடைகளில் முதலில் தீர்வது இவைதான். நசுக்கிய கூழ் 90 லிட்டர் வரை இருக்கும், நொதிக்கையில் தோல் மேலெழும்பும். ஆகவே தொட்டி 120 லிட்டருக்குக் குறையக் கூடாது. பழத்தின் எடை, பிழிந்த அளவு, வடித்தபின் நின்ற அளவு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு பெட்டி சொல்லும்போது, இங்கே தந்த எண்களைவிட உங்கள் பிழிபொறி தந்த எண்ணையே நம்பலாம்.