மனப்பாடம் பற்றிய மயக்கங்கள்

பரீட்சை நெருங்கும் காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உபதேசங்களுள் முதன்மையானது, பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தால் அது தானே மனத்தில் பதிந்துவிடும் என்பதாகும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வுபதேசமே, அதன்படி உண்மையாக உழைத்தும் பரீட்சை மண்டபத்தில் ஒன்றும் நினைவுக்கு வராமல் திகைக்கும் எத்தனையோ பிள்ளைகளை, 'மந்தபுத்தி' என்னும் அநியாயமான பழிக்கு ஆளாக்கியிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்க உளவியல் அறிஞர்களான ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாணவர்களில் ஒரு சாரார் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு முறை வாசித்தனர்; மற்றொரு சாரார் ஒரு முறை மட்டுமே வாசித்து, பின்னர் மூன்று முறை அதனைப் பாராமலே நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தி நின்றார்கள். ஒரு வாரம் சென்றபின்போ, அவர்களுக்கு நூற்றுக்கு 40 பங்கே நினைவிலிருக்க, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 பங்கு நினைவிலிருந்தது. வாசிக்க வாசிக்க வரிகள் பழகிப்போகின்றன. அந்தப் பழக்கத்தையே ஞானமென்று மனம் மயங்கிவிடுகிறது. புத்தகத்தை மூடிவைத்து, படித்தது இன்னதென்று முயன்று வரவழைக்கும் சிரமமே ஞாபகத்தை உறுதிசெய்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஏட்டைப் பாராமல் ஒப்பிக்கச் செய்த வழக்கத்தில், பிரம்படியை நீக்கிவிட்டு நோக்கினால், இந்த நன்மை இருந்ததை மறுப்பதற்கில்லை.

ஒரே மூச்சில் உருப்போட்டு முடிப்பதே உத்தமம் என்பாரும் உளர். ஹெர்மன் எபிங்ஹௌஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தாமே நெட்டுருச் செய்து சோதித்து 1885இல் வெளியிட்ட நூலில், ஒரே நாளில் 68 தடவை ஓதிய பலனை, மூன்று நாள்களுக்குப் பங்கிட்டு ஓதிய 38 தடவையிலேயே பெற்றதாகக் கணக்குக் காட்டுகிறார்.

நினைவாற்றல் பிறவிப் பேறே என்று வாதிப்போர், ஒரே வேளையில் நூறு விஷயங்களில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை 1907இல் சென்னையில் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரை உதாரணமாகச் சுட்டலாம். ஆயின் அவதானமென்பது எட்டு, பத்து, பதினாறு, நூறு என்று படிப்படியாகப் பயின்று ஏறும் வித்தை. ஞாபகசக்தி வளரும் என்று வல்லாரைக் கீரையை உண்பதிலும் தடையில்லை. ஓதுதலுக்கு ஈடாக அதனை நம்புவதற்குத்தான் ஆதாரமில்லை.

விடியற்காலையில் படிப்பதே மனத்தில் நிற்கும் என்பது இன்னொரு மயக்கம். வைகறையின் அமைதி நல்லதே. ஆனால் கற்றபின் உறங்கியவர்கள், விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறந்தார்கள் என்பதை ஜென்கின்ஸ், டாலன்பாக் என்போர் 1924இலேயே கண்டறிந்தனர். நாலு மணிக்குத் தட்டி எழுப்பும் தாய்மாரை வேண்டிக்கொள்கிறேன்: இரவு வெகுநேரம் படித்துப் படுத்த பிள்ளையை இன்னும் சற்றே உறங்கவிடுங்கள்.