உப்புக் கிண்ணத்தின் புள்ளிகள்

கேள்வி: அமெரிக்காவில் ஆதியில் அச்சில் அழுத்திச் செய்த கண்ணாடி உப்புக் கிண்ணங்களில் இடைவெளியின்றிப் புள்ளிகள் நிறைந்திருப்பது ஏன்?

பதில்: தொழிலில் நேர்ந்த ஒரு குறையை மறைப்பதற்கு அந்தப் புள்ளிகள் பெரிதும் உதவின. 1825-இல் டெமிங் ஜார்விஸ் என்பவர் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸாண்ட்விச் என்னும் ஊரில் நிறுவியது போன்ற ஆலைகளில், உலையிலிருந்து ஒருவன் இரும்புக் கோலின் நுனியில் திரட்டி வந்த ஈயம் கலந்த கண்ணாடிக் குழம்பை, அது அச்சின்மேல் தொங்கும்போதே மற்றொருவன் கத்தரியால் தக்க அளவில் துண்டித்து விழச் செய்து, நெம்புகோலை இழுத்து, உலக்கை போன்ற உலோக அழுத்தியை உள்ளே இறக்குவான். க்ஷண நேரத்தில் கிண்ணத்தின் உட்குழிவும் வெளிப்புறச் சித்திரமும் ஒருங்கே அமைந்துவிடும். குழம்பு மிகுந்தால் கிண்ணம் தடித்துப்போகும். குறைந்தால் விளிம்பு நிரம்பாது. ஆகவே கத்தரி பிடித்தவனுடைய கண்ணையே அங்கே தராசாகக் கொண்டார்கள். ஆயினும், சூடு குறைந்த உலோகத்தைத் தொட்டவுடன் கண்ணாடி சுருக்கம் கண்டு மங்கும். கத்தரியின் வடுவும் நிற்கும். அச்சு வெட்டிய சிற்பி புள்ளிகளைச் செறித்தமையால் ஒளி பல திசைகளில் சிதறி, அக்களங்கங்கள் கண்ணுக்குப் புலப்படாமற் போயின. என் அபிப்பிராயத்தில், பெயர் தெரியாத அந்தச் சிற்பிக்கே முதல் மரியாதை உரியது.

அந்நாளைய உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கட்டிபட்டுவிடுமாதலால், அதைத் திறந்த கிண்ணத்தில்தான் மேஜைமேல் வைத்தார்கள். இவற்றுள் பிரஸித்தமானது நீராவிப் படகின் வடிவினது. 1824-இல் அமெரிக்காவுக்கு விஜயம் செய்த பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் பிரபுவின் நாமம், கடைசி இரண்டெழுத்துக் குறைவாக, அதன் சக்கரக் கூட்டின்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது.