சைக்கிள் வீட்டுச் சாமானா?

இன்சூரன்ஸ் இல்லாமல் ஸ்கூட்டரைத் தெருவில் இறக்கினால் மோட்டார் வாகனச் சட்டம் பிடித்துக்கொள்ளும். சைக்கிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கார்பன் ஃபிரேம் போட்ட ரோடு பைக் விலைக்குப் புது ஸ்கூட்டரே வாங்கிவிடலாம் என்றாகிவிட்ட பிறகும் நிலைமை அதேதான். வாங்கியவர்களைக் கேட்டால், “அதான் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கே” என்பார்கள். அந்த நம்பிக்கையும் அதன் உறவினர்களும் பாலிசித் தாளோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்துவிடலாம்.

‘வீட்டு பாலிசி இருந்தால் சைக்கிள் திருட்டுக்கும் பணம் வரும்’

இன்று புதிதாக எடுக்கப்படும் வீட்டுக் காப்பீட்டில் முன்னால் நிற்பது ‘பாரத் கிருஹ ரக்ஷா’. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவுப்படி 2021 ஏப்ரல் 1 முதல் விற்பனையில் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். நல்ல பாலிசி என்பதில் சந்தேகமில்லை. கட்டடத்துக்கு எடுத்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் தானாகப் பாதுகாப்பு வந்துவிடும். தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் எழுதித் தர வேண்டியதில்லை. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் அடக்கம்.

திருட்டைத் தேடிப் பாருங்கள். இருக்கிறது, ஆனால் வாலோடு இருக்கிறது. மேலே சொன்ன ஆபத்துகளில் ஒன்று நடந்து, அதன் விளைவாக, ஏழு நாட்களுக்குள் திருட்டுப் போயிருக்க வேண்டும். வெள்ளத்தில் கதவு பெயர்ந்து, குடும்பம் நிவாரண முகாமில் இருக்கும்போது எவனோ புகுந்து சைக்கிளைத் தூக்கிப் போனால் கேட்கலாம். வெயில் கொளுத்தும் சாதாரண மத்தியானத்தில் ஒருவன் பூட்டை அறுத்து ஓட்டிப் போனால் கேட்க முடியாது. அந்த ஏழு நாள் சலுகையும் வீட்டுக்கு வெளியே இருந்த பொருளுக்கு இல்லை. போதாக்குறைக்கு, விலக்குப் பட்டியலில் வாகனங்களும் இருக்கின்றன. சைக்கிளை அந்தப் பக்கம் தள்ளி வாதாட இடம் தராமல், சாமான்களில் அதுவும் சேர்த்தி என்று பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. ஏஜென்ட் வாயால் சொன்னது க்ளெய்ம் நேரத்தில் எடுபடாது.

‘அப்படியானால் சைக்கிளுக்கு வழியே கிடையாது’

இது எதிர்ப்பக்கத்துத் தவறு. பொதுத்துறை நிறுவனங்கள் நெடுங்காலமாக விற்றுவரும் ‘ஹவுஸ்ஹோல்டர்ஸ்’ பாலிசி தனித்தனிப் பிரிவுகளால் ஆனது. தீக்கு ஒன்று, கொள்ளைக்கு ஒன்று, நகைக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, பயணப் பெட்டிக்கு ஒன்று. அந்த வரிசையில் ‘பெடல் சைக்கிள்’ என்றே ஒரு பிரிவு உண்டு. தீ, திருட்டு, விபத்தில் ஏற்படும் சேதம் எல்லாம் இதில் வரும். நீங்கள் சைக்கிளில் போய் ஒருவரை இடித்து, அவருக்கு நஷ்டஈடு தரவேண்டி வந்தால் அதற்கும் ஒரு சிறு தொகை உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்து, சைக்கிளின் மதிப்பை எழுதி, அதற்கான பிரீமியத்தைக் கட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் ஏஜென்டே நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கிப் போன விண்ணப்பங்களில் முதலில் காலியாக விடப்படுவது இந்தக் கட்டம்தான்.

கட்டியவர்களும் முழுதாகத் துள்ள வேண்டாம். முன்விளக்கையும் மணியையும் மட்டும் கழற்றிப் போனால் பணம் கிடையாது, சைக்கிளோடு சேர்ந்து போயிருக்க வேண்டும். டயர் மட்டும் கிழிந்தாலும் அப்படியே. பந்தயத்தில் ஓட்டியது, வாடகைக்கு விட்டது, ஓட்டி ஓட்டித் தேய்ந்தது எதற்கும் பைசா பெயராது.

‘கொள்ளைப் பிரிவு இருக்கிறதே, அது போதாதா?’

பாலிசித் தாளில் கொள்ளை வேறு, திருட்டு வேறு. பூட்டை உடைத்தோ கதவை நெம்பியோ பலவந்தமாகப் புகுந்தால்தான் முதலாவது. திறந்திருந்த கேட் வழியாக நடந்து வந்து, அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில் ஸ்டாண்டு போட்டிருந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது இரண்டாவது. யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கும் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வணிக நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பலவந்தம் வேண்டும் என்று பாலிசி சொன்னால், பலவந்தம் நடந்திருக்க வேண்டும். இரக்கப்பட்டு வாசகத்தை நீட்ட முடியாது. அது கிடங்குச் சரக்கு பற்றிய வழக்கு என்றாலும், சைக்கிளுக்கும் அதே அளவுகோல்தான். சில பாலிசிகளில் சாதாரணத் திருட்டும் சேரும் என்று ஒரு வரி இருக்கும், சிலவற்றில் இருக்காது. அந்த ஒரு வரிக்காகவாவது பாலிசியைப் படிக்க வேண்டும். நமக்கோ நான்கு பக்கம் படிப்பதென்றால் கசக்கிறது.

‘ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். வாங்கிவிட்டேன், போதும்’

போதாது. சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்து சேர்ந்ததற்கான ரசீது. திருட்டு க்ளெய்முக்கு நிறுவனம் வழக்கமாகக் கேட்பது எஃப்.ஐ.ஆர்., பிறகு பொருள் கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்று. இங்கே 2024 ஜூலை 1 முதல் புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. அன்று அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதன் துணைச் சட்டமும், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டைப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாத குற்றமாக வைத்திருக்கின்றன. “பழைய சைக்கிள்தானே சார், என்ன ஒரு மூவாயிரம் இருக்குமா?” என்று எழுதுபவர் கேட்கும்போது தலையாட்டிவிட்டால் வழக்கு அந்தக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உண்மையான மதிப்பைப் பில்லோடு சொல்லுங்கள்.

பில்லைப் பத்திரப்படுத்தும் பழக்கம் இல்லாதவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யலாம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு ஓடும் குழாயின் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். கிரீசும் மண்ணும் போனதும் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி பொறித்திருப்பது தெரியும். பெரும்பாலான சைக்கிள்களில் ஃபிரேம் எண் அங்கேதான் இருக்கும். அதைப் படமெடுத்து, சைக்கிளோடு நீங்கள் நிற்கும் படம் ஒன்றையும் எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். அரசுப் பள்ளியில் பிள்ளைக்குக் கிடைத்த விலையில்லா மிதிவண்டிக்குக் கடை பில் ஏது? அங்கே இந்த எண்தான் பேசும்.

வாங்கிய விலை அப்படியே கையில் வரும் என்பதும் சந்தேகம்தான். சைக்கிள் பிரிவில் பெரும்பாலும் தேய்மானம் கழித்த சந்தை மதிப்புதான் கணக்கு. பாரத் கிருஹ ரக்ஷாவில் புதுப்பொருள் விலை உண்டு, ஆனால் அது வெள்ளத்துக்கும் தீக்கும்.

‘பேட்டரி சைக்கிளும் சைக்கிள்தான்’

எல்லாம் அல்ல. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமாகாது. பதிவு, நம்பர் பிளேட், கட்டாய இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். அப்போதும் வீட்டு பாலிசியில் அது பெடல் சைக்கிளாக ஏற்கப்படுமா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லை தாண்டினால் கதை வேறு. “கன்ட்ரோலரை மாத்திடலாம், நாற்பதுல போகும்” என்று ஆசை காட்டும் கடைகள் ஊருக்கு இரண்டு இருக்கின்றன. மாற்றிய மறுநிமிடம் அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம். வீட்டு பாலிசி அதைச் சைக்கிள் என்று ஏற்காது. பதிவு இல்லாததால் மோட்டார் பாலிசியும் கிடைக்காது. யார் மேலாவது ஏற்றிவிட்டால் நஷ்டஈடு முழுவதும் ஓட்டியவர் சொந்தப் பணம்.