பால் கடைவாய்ப்பல்லுக்குக் கேப்: இளம் பல் மருத்துவருக்கு ஒரு கடிதம்

திருவனந்தபுரத்தில் பணி தொடங்கும் இளம் குழந்தைப் பல் மருத்துவருக்கு,

பால் கடைவாய்ப்பல்லுக்கு எஃகு கேப் போட்ட அன்று குழந்தையின் கடி உயர்ந்து நிற்பது உண்டு. ஹால் முறையில் இது இயல்பாகவே நிகழும். ஏனெனில் அதில் பல்லை ராவுவதில்லை, மரத்துப்போகும் ஊசி இல்லை, சொத்தையைச் சுரண்டுவதும் இல்லை. அளவான கேப்பில் கிளாஸ் அயனோமர் சிமெண்டை நிரப்பிப் பல்லின்மேல் அழுத்துவதோடு வேலை முடிகிறது. ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நார்னா ஹால் 1980களில் கையாளத் தொடங்கிய இம்முறை, டண்டீயைச் சேர்ந்த நிக்கோலா இன்னஸ் முதலானோர் 132 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பரவலாக ஏற்கப்பட்டது.

உயர்ந்த கடி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சமனாகிவிடும். கேப் போட்ட பல்லும் அதன் எதிர்ப்பல்லும் எலும்புக்குள் சற்றே அழுந்துகின்றன. முட்டாமல் நின்ற மற்றப் பற்கள் சற்றே எழும்புகின்றன. வளரும் தாடைக்கு உள்ள இந்த இணக்கம் பெரியவர்களின் தாடைக்கு இவ்வளவு விரைவாக வருவதில்லை. ஆகவே பெரியவர்களுக்குக் கேப் போட்டுப் பழகிய கண், குழந்தையின் உயர்ந்த கடியைக் கண்டு பதறத் தேவையில்லை. ஆனால் உயர்வை அளந்து பார்க்க வேண்டும். கேப் போடுமுன் மேல் முன்பல் கீழ் முன்பல்லை எவ்வளவு மூடுகிறது என்று குறித்துவைத்தால்தான் அடுத்த முறை ஒப்பிட முடியும். வாயை மூடும்போது கீழ்த்தாடை ஒரு பக்கம் சறுக்கினால் கேப் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். அதைக் காலத்திடம் விடக்கூடாது. மேலும் கீழும் எதிரெதிரான பற்களுக்கு ஒரே நாளில் ஹால் கேப் போடுவதும் தவிர்க்கத் தக்கது. வெள்ளை ஜிர்கோனியா கேப்புக்கு ஹால் முறை பொருந்தாது; அது எஃகைப்போல் வளைந்துகொடுக்காது. அதற்குப் பல்லைக் கூடுதலாக ராவியே ஆக வேண்டும்.

உயரத்தைவிட அகலமே பெரிய கவலை. பல்லிடுக்கில் சொத்தை விழுந்து பக்கச்சுவர் இடிந்தால் பின்பல் முன்னே சாய்ந்து இடத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டாம் பால் கடைவாய்ப்பல்லையே இழந்தால், ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னால் நகர்ந்துவிடும். பின்னர் வரவேண்டிய முன்கடைவாய்ப்பல்லுக்கு இடம் இராது. நல்ல கேப் பல்லின் இயல்பான அகலத்தை மீட்டு, அந்த இடத்தைக் காக்கிறது. குழந்தையின் கடிக்குக் கேப் செய்யும் பெரிய உதவி இதுதான். தேவைக்குமேல் பெரிய கேப் அதே கடியைக் கெடுக்கும். முக்கியமாக, ஆறு வயதுப் பல் இன்னும் முளைக்காத வாயில், இரண்டாம் பால் கடைவாய்ப்பல்லின் கேப் விளிம்பு பின்புறம் துருத்தி நின்றால், வரும் பல் அதன் அடியில் மாட்டிக்கொள்ளும். இங்கே விளிம்பை வெட்டிக் குறுக்கி மெருகேற்றச் செலவாகும் நேரம் வீண் அல்ல.

பற்கள் நெருக்கமாக இருந்தால் 3 முதல் 5 நாள் முன்பே இடுக்கில் ரப்பர் வளையம் வைக்க வேண்டும். இதனால் ஒரு வருகை கூடும். 1959இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி உள்ள திருவனந்தபுரத்துக்கு, களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் சிகிச்சைக்கு வருகின்றன. அவர்களுக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி இழப்பு. வளையம் உண்மையில் தேவையா என்று முதல் நாளே தீர்மானிப்பது மருத்துவரின் கடமை. “பிள்ளை முதல் ஓரிரு நாள் சரியாகக் கடிக்காது, சோறு குழைத்துக் கொடுங்கள், கடலை மிட்டாய் வேண்டாம், வலி கூடினாலோ ஈறு வீங்கினாலோ உடனே வாருங்கள்” என்பதைத் தமிழிலேயே சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாமல் விட்டால், உயர்ந்த கடியைப் பார்த்த தாய் கேப்பைக் கழற்றச் சொல்லி அடுத்த மருத்துவரைத் தேடுவாள்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குள் பால் கடைவாய்ப்பல் கேப்போடு சேர்ந்தே விழும். இரண்டாம் பால் கடைவாய்ப்பல் தனக்குப் பின் வரும் பல்லைவிட அகலமானது. அந்த மிச்ச இடத்தில்தான் நிரந்தரப் பற்களின் கடி கடைசியாகச் சீராகிறது. புதிய பல் பக்கவாட்டில் எட்டிப்பார்த்தும் கேப் போட்ட பல் ஆடாமல் நின்றால், எக்ஸ்ரே எடுத்து வேர் கரைந்த அளவைப் பார்த்து அதை எடுத்துவிடலாம்.