கையேட்டில் பிழை இருந்தால் யார் திருத்துவது?



பாடப் புத்தகத்தில் அச்சுப் பிழை இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? பென்சிலால் திருத்திக்கொண்டு மேலே படிக்கிறோம். அடுத்த வருஷம் அதே புத்தகத்தை வாங்கும் ஜூனியர் அதே இடத்தில் மறுபடி முட்டிக்கொள்கிறார். கணினிக் கையேடுகளில், அதிலும் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் கையேடுகளில், நிலைமை வேறு. பிழையைப் பார்த்த நாமே அதைத் திருத்தி அனுப்பலாம். உலகம் முழுக்க இருப்பவர்களுக்கும் அந்தத் திருத்தம் போய்ச் சேரும். அதை எப்படிச் செய்வது, எப்படிச் செய்யக்கூடாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

விண்டோ மேனேஜர் என்பது என்ன?

எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. திரையில் கட்டம் போட்டுத் தருவதோடு அதன் வேலை முடிந்தது. கட்டத்துக்குத் தலைப்புப் பட்டை வைப்பது, நகர்த்துவது, பெரிதாக்குவது, மூடுவது எல்லாம் தனி நிரலின் பொறுப்பு. அதுதான் விண்டோ மேனேஜர். தமிழில் சாளர மேலாளர் என்கிறார்கள். டாம் லாஸ்ட்ரேஞ்ச் 1987-ல் எழுதிய டி.டபிள்யூ.எம்., அதன் நிரலிலிருந்து ராபர்ட் நேஷன் 1993-ல் உருவாக்கிய எஃப்.வி.டபிள்யூ.எம்., 1997-ல் வந்த ஐஸ் டபிள்யூ.எம்., 2009-ல் வந்த ஐ-3 என்று இதில் பல உண்டு.

இவை எடை குறைந்தவை. பழைய கணினியிலும் ஓடும். ஆனால் இவற்றில் பலவற்றுக்கு வண்ணம், குறுக்குவிசை எல்லாவற்றையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் நாமே எழுத வேண்டும். பட்டனைத் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வழியில்லை. கையேடு ஒன்றுதான் வாத்தியார். வாத்தியாரே தப்பாகச் சொன்னால்?

காணாமல் போன வரி

கடலூர் ஓ.டி.யில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பழைய கணினி. அதில் இப்படி ஒரு விண்டோ மேனேஜரைப் போட்டேன். பெயர் வேண்டாம். கையேட்டைத் திறந்தால், "அமைப்புகளைக் கோப்பில் எழுதிவிட்டு மறுபடி தொடங்கவும்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. எந்தக் கோப்பு? எந்த இடத்தில்? ஒன்றும் இல்லை. ஆனால் வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருந்தது. அதனால் பிழை என்ற சந்தேகமே வரவில்லை. நானாக ஒரு பெயர் வைத்து எழுதிப் பார்த்தேன். நடக்கவில்லை. வேறு பெயர் வைத்தேன். அதுவும் நடக்கவில்லை. இரண்டு ராத்திரி போச்சு.

பத்தாவது வரை நான் தமிழ் மீடியம். "நம்ம இங்கிலீஷ் இவ்வளவுதான்" என்று மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, சிதம்பரம் மேல வீதியில் இருக்கும் எங்கள் பழைய சீனியர் ஒருவரைப் பார்க்கப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "தம்பி, நீ பாத்தது வெந்த சோறு. அரிசியைப் பாத்தியா? வா, உலையில போடுறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு பாப்போம்" என்று கையேட்டின் மூலக் கோப்பைத் திறந்தார். அங்கே அந்த வரி அப்படியே இருந்தது! கோப்பின் பெயர், அது இருக்க வேண்டிய இடம், எல்லாம்.

அப்புறம் எங்கே போச்சு? யூனிக்ஸ் கையேட்டுப் பக்கங்களைத் திரையில் அழகாக அடுக்கித் தருவது டிராஃப் வழிவந்த ஒரு நிரல். ஜோசப் ஒஸ்ஸானா 1970-களில் பெல் ஆய்வகத்தில் எழுதியது டிராஃப். ஜேம்ஸ் கிளார்க் 1990-ல் எழுதிய ஜி-ராஃப்தான் இன்று லினக்ஸில் பரவலாக இருக்கிறது. இவற்றுக்கு ஒரு விதி உண்டு. ஒரு வரியின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் அந்த வரி கட்டளை, படிக்கும் உரையாகாது. தெரியாத கட்டளை என்றால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

யூனிக்ஸில் அமைப்புக் கோப்புகளின் பெயர் பெரும்பாலும் புள்ளியில்தான் தொடங்கும். எழுதியவர் வரியை மடக்கியபோது கோப்பின் பெயர் அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. வரி முழுவதையும் புள்ளி விழுங்கிவிட்டது. இதற்கு மருந்து இரண்டே குறிகள்: புள்ளிக்கு முன்னால் \& என்று போட வேண்டும். அது அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத எழுத்து. அது முன்னால் நின்றால் புள்ளி வரியின் முதல் எழுத்தாக இருக்காது.

அதைப் போட்டு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

இரண்டாவது திருத்தம்

தைரியம் வந்துவிட்டது. அதே கையேட்டில் "கலர்" என்ற ஆங்கிலச் சொல் எங்கே பார்த்தாலும் யூ எழுத்து இல்லாமல் இருந்தது. நமக்குப் பள்ளியில் சொல்லித் தந்தது யூ-வோடு. முழுக் கோப்பிலும் மாற்றி அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது.

காரணம் சரியானதே. பாதி இடங்களில் அது வெறும் ஆங்கிலச் சொல் இல்லை, நிரல் எதிர்பார்க்கும் கட்டளைச் சொல்லின் ஒரு பகுதி. என் திருத்தம் அச்சேறியிருந்தால், கையேட்டைப் பார்த்து எழுதுகிற ஒவ்வொருத்தருக்கும் கட்டளை வேலை செய்யாது. எனக்கு நேர்ந்ததை நானே ஆயிரம் பேருக்குச் செய்யப் பார்த்தேன்! மீதி இடங்களிலும் அது பிழை இல்லை, அமெரிக்க வழக்கு.

நம்ம ஊர் உதாரணம் சொன்னால் புரியும். கடலூர் துறைமுகம் சந்திப்புக்கு ரயில்வே வைத்த குறியீடு சி.யூ.பி.ஜே. சிதம்பரத்துக்கு சி.டி.எம். "கடலூருக்கு கே எழுத்துதானே சரி" என்று நாமே மாற்றி அடித்தால் டிக்கெட் கிடைக்குமா? 2020 ஜூன் மாதம் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. விமர்சனம் எழுந்து சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. நோக்கம் நல்லதாக இருந்தாலும் பெயரில் கை வைப்பது லேசான காரியம் இல்லை.

இணையத்திலேயே இதற்கு ஒரு புகழ்பெற்ற சாட்சி உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று வலைச் சேவையகத்துக்குச் சொல்லும் தலைப்பின் பெயர் "ரெஃபரர்". 1996-ல் வந்த எச்.டி.டி.பி. ஆவணத்தில் அது ஓர் ஆர் எழுத்து குறைந்து பிழையாகப் பதிவானது. அதற்குள் நிரல்கள் அந்தப் பிழையான பெயரிலேயே பேசிக்கொண்டிருந்தன. இன்று வரை அதை மாற்றவில்லை.

உ.வே.சா.வும் நாமும்

இந்த வேலைக்கு நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வராக இருந்த உ.வே.சாமிநாதையர். பழைய ஏட்டுச் சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்றும் தெரியாது. அவர் ஒரே ஏட்டை நம்பாமல் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்தார். மாறுபட்ட பாடங்களையும் குறித்துக் காட்டினார். 1887-ல் சீவக சிந்தாமணி அப்படித்தான் வெளிவந்தது. தனக்குப் புரியவில்லை என்பதற்காக மூலத்தை மாற்றிவிடாமல் இருப்பதுதான் பதிப்பாசிரியரின் முதல் ஒழுக்கம். அந்த ஒழுக்கம் கணினிக் கையேட்டுக்கும் பொருந்தும்.

திருத்துபவர் கவனிக்க வேண்டியவை

1. மூலக் கோப்பைப் பாருங்கள். திரையில் தெரிவது வெந்த சோறுதான். மேன்டாக் என்ற நிரலில் உள்ள லின்ட் சோதனை, புள்ளி விழுங்கிய வரி போன்ற வடிவமைப்புப் பிழைகளைக் காட்டிக் கொடுக்கும். ஆஸ்பெல், கோட்ஸ்பெல் போன்றவை எழுத்துப் பிழைகளைத் தேடும். அவை சொல்வது சந்தேகம் மட்டுமே. தீர்ப்பு உங்களுடையது.

2. சொல் வேறு, பெயர் வேறு. கட்டளை, கோப்பின் பெயர், விருப்பத்தேர்வு இவற்றை நிரலில் ஓட்டிப் பார்க்காமல் தொடாதீர்கள். எக்ஸ்-இன் வண்ணப் பட்டியலில் சாம்பல் நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஏ எழுத்தோடும் உண்டு, ஈ எழுத்தோடும் உண்டு. இரண்டும் வேலை செய்யும். ஓட்டிப் பார்த்தால்தான் இது தெரியும்.

3. குறிகளைக் கவனியுங்கள். வேர்ட் போன்ற மென்பொருளில் தட்டிய உதாரணங்களில் நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கும். கண்ணுக்கு அழகு, நிரலுக்கு விஷம். கையேட்டு மூலத்தில் வெறும் சிறுகோடு போட்டால் சில கணினிகளில் அது வேறு எழுத்தாகத் தெரியும். அதை நகலெடுத்து ஒட்டினால் கட்டளை ஓடாது. அங்கே \- என்று எழுத வேண்டும்.

4. ஒரு தடவைக்கு ஒரு வகைத் திருத்தம். பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பும் வழக்கம், லாரி வால் 1985-ல் எழுதிய பேட்ச் நிரலால் பரவியது. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் இன்று அதற்கு உதவுகிறது. ஓர் எழுத்தைத் திருத்தும்போது பத்தி முழுவதையும் மறுபடி மடக்கி அடுக்காதீர்கள். இருபது வரி மாறியதாகக் காட்டும். சரிபார்ப்பவருக்கு உண்மையான மாற்றம் எது என்றே தெரியாது.

5. மொழிபெயர்ப்பை மறக்காதீர்கள். மெனுவில் வரும் ஓர் ஆங்கில வாக்கியத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும், கெட்டெக்ஸ்ட் முறையில் அதன் தமிழாக்கம் "ஃபஸ்ஸி", அதாவது ஐயத்துக்குரியது என்று குறிக்கப்படும். யாராவது பார்த்துச் சரி என்று சொல்லும் வரை மெனுவில் தமிழ் போய் ஆங்கிலம் வந்துவிடும். ஆகவே மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

6. தமிழில் கண்ணை நம்பாதீர்கள். எ என்ற உயிரெழுத்தும் ௭ என்ற ஏழாம் எண்ணும் பல எழுத்துருக்களில் ஒன்று போலவே தெரியும். பௌர்ணமி என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் போட்டு எழுதுபவர்கள் ஏராளம். படிக்கும்போது வித்தியாசம் தெரியாது. தேடினால் மட்டும் கிடைக்காது.

முடிவாக ஒன்று. இரண்டு ராத்திரி நான் என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிழை என் ஆங்கிலத்தில் இல்லை, ஒரு புள்ளியில் இருந்தது. மறுபக்கம், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்த அன்றைக்குப் பிழை என்னிடம்தான் இருந்தது. ஆகவே நண்பர்களே, கையேடு புரியவில்லை என்றால் உடனே "நமக்கு வராது" என்று மூடிவிடாதீர்கள். "கையேடு தப்பு" என்றும் உடனே பேனாவை எடுக்காதீர்கள். மூலத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் போடும் இரண்டு குறிகளால், எங்கோ ஓர் ஊரில் பழைய கணினி முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு தம்பியோ தங்கையோ நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.