தொட்டதும் மிரளும் குதிரை: பனிக்கால 'ஷாக்' பற்றி ஒரு பாடம்

பனிக்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது 'படபட'ன்னு ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து போய் இரும்புக் கதவைத் தொட்டதும் விரல் நுனியில் 'சுருக்'கென்று குத்தியிருக்கும். நமக்கு அது ஒரு நொடி எரிச்சல். கையை உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அதே பொறி ஒரு குதிரையின் மூக்கில் பட்டால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய பாடம்.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ குடும்பத்தோடு போனால், ஏரிக்கரைப் பக்கம் குதிரையைப் பார்த்த பிள்ளைகள் சும்மா விடுவதில்லை. நைலான் ஜாக்கெட், கம்பளித் தொப்பி, ரப்பர் அடி வைத்த ஷூ போட்ட பிள்ளை ஆசையாக ஒரு விரலை நீட்டிக் குதிரையின் மூக்கைத் தொடுகிறது. 'டப்'. குதிரை தலையைத் தூக்கி உதறுகிறது. பிள்ளை பயந்து பின்னால் விழுகிறது. "இது முரட்டுக் குதிரை போலிருக்கே"ன்னு நாமும் சொல்லிவிடுவோம். குதிரைக்காரர் கயிற்றை இழுத்து அதட்டுவார். பாவம் அந்தக் குதிரை, அது எந்த முரட்டுத்தனமும் செய்யவில்லை. அதற்கு ஷாக் அடித்தது, அவ்வளவுதான்.

இந்தப் பொறியால் குதிரையின் உடம்புக்கு ஆபத்து இல்லை. ஆனால் 300, 400 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு திடுக்கிட்டு ஒரு அடி நகர்ந்தால், பக்கத்தில் நிற்பவரின் கால் அதன் குளம்புக்குக் கீழே போகலாம். இன்னொன்றும் உண்டு. குதிரைக்கு ஞாபகசக்தி அதிகம். பிரஷ் பட்டபோதெல்லாம் வலித்தது என்றால், பிரஷ்ஷைப் பார்த்தாலே ஒதுங்கப் பழகிவிடும். பிறகு அதை மாற்றுவதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

பொறி எங்கிருந்து வருகிறது?

பள்ளியில் பிளாஸ்டிக் சீப்பால் தலை வாரி, காகிதத் துண்டுகளை இழுத்து விளையாடியது நினைவிருக்கிறதா? அதே விஷயம்தான். இரண்டு வெவ்வேறு பொருட்கள் உரசிப் பிரியும்போது, ஒன்றிலிருந்து எலக்ட்ரான்கள் மற்றொன்றுக்குத் தாவிவிடும். ஒன்றில் மிச்சம், மற்றொன்றில் பற்றாக்குறை. இப்படிச் சேர்ந்து, போக வழியில்லாமல் நிற்கும் மின்னூட்டத்தைத்தான் நிலை மின்சாரம் என்கிறோம். வழி கிடைத்ததும் ஒரே பாய்ச்சலில் வெளியேறும். அதுதான் பொறி.

நம் உடம்பில் சுமார் 3,000 வோல்ட் சேர்ந்த பிறகுதான் அந்தக் குத்தலையே உணர்வோம். மூவாயிரமான்னு பயப்பட வேண்டாம். வோல்ட் பெரிது என்றாலும் அதில் இருக்கும் மின்னூட்டம் மிகமிகக் கொஞ்சம். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் தீர்ந்துவிடும். வீட்டுப் பிளக்கில் வரும் 230 வோல்ட் ஆளைக் கொல்வதும், இந்த ஆயிரக்கணக்கான வோல்ட் வெறுமனே குத்திவிட்டுப் போவதும் இந்தக் காரணத்தால்தான்.

குதிரையிடம் இது ஏன் அதிகம்? பனிக்காலத்தில் அதன் ரோமம் அடர்த்தியாக வளர்கிறது. அதன்மேல் நைலான் பிரஷ்ஷை நூறு தடவை இழுக்கிறோம். முதுகில் செயற்கை இழைப் போர்வை. நாம் போட்டிருப்பதும் பாலியெஸ்டர். எல்லாம் உரசல்தான். மின்னூட்டம் தரையில் இறங்கிவிடாதபடி நம் காலில் ரப்பர் பூட்ஸ். குதிரைக்கு இரும்பு லாடம் இருக்கிறதே என்று கேட்கலாம். லாடத்துக்கு மேலே இருக்கும் குளம்பு நம் நகத்தைப் போன்ற பொருள். காய்ந்துபோனால் அதுவும் மின்சாரத்தை எளிதில் விடாது.

இதையெல்லாம் தாண்டி, முக்கியமான புள்ளி காற்றின் ஈரம். காற்றில் ஈரம் இருந்தால் எல்லாப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இருக்கும். மின்னூட்டம் சேரச் சேர அதன் வழியே கசிந்து போய்விடும். மெரினாவில் சவாரிக் குதிரை வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் தெரிந்திருக்காது. கடற்காற்று, உப்பு, ஈர மணல்! அங்கே நிலை மின்சாரம் நிற்கவே இடமில்லை. மலைமேல் கதை வேறு. ஜனவரி காலையில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும், காற்றும் ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் வானம் தெளிந்த நாளில் வெயில் ஏற ஏற, காற்றின் ஈரப்பத விகிதம் சட்டென்று இறங்கிவிடும். சவாரிக் கூட்டம் வருகிற நேரமும் அதுதான்.

உங்கள் போனில் இருக்கும் வானிலை செயலியைத் திறந்து பாருங்கள். வெப்பநிலைக்குக் கீழே 'ஹியூமிடிட்டி' என்று ஒரு சதவீதம் இருக்கும். 60-க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 40-க்குக் கீழே வந்தால் பொறி பறக்கும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்த்துவிடும்போது

குதிரை வளர்ப்பவர்களுக்கு முதலில். நைலான் பிரஷ்ஷால் வேகமாக இழுக்கும்போது 'சரசர'ன்னு சத்தம் வந்து, ரோமம் குத்திட்டு நின்று, தட்டிய தூசி திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறதா? அது நிலை மின்சாரம்தான். இன்னும் அழுத்தித் தேய்த்தால் தூசி போகாது, மின்னூட்டம்தான் கூடும். குதிரையின் தோல் ஒரு ஈ உட்கார்ந்தாலே அந்த இடத்தை மட்டும் சிலிர்த்துக்கொள்ளும் அளவுக்குக் கூர்மையானது. அது தோலைச் சிலிர்ப்பதும், காதைப் பின்னால் மடக்குவதும், வாலை வீசுவதும் "போதும், வலிக்குது" என்று சொல்லும் பாஷை. அதைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள்.

தீர்வு பெரிய செலவில்லை. தண்ணீர் போதும். பூச்செடிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, பிரஷ்ஷின் மேல் லேசாகத் தெளித்துக்கொண்டு தேயுங்கள். குதிரையின் மேல் நேராகப் பீய்ச்சினால் அந்தச் சத்தத்துக்கே சில குதிரைகள் மிரளும். ரோமம் நனையக் கூடாது, ஈரம் காட்டினால் போதும். குளிரில் நனைந்த குதிரைக்குச் சூடு தங்காது. ஈரத் துணியைப் பிழிந்துவிட்டு ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே ஒரு முறை துடைத்தாலும் அதே பலன் கிடைக்கும். நைலானுக்குப் பதில் இயற்கை முடியிலோ தென்னை நாரிலோ செய்த பிரஷ் இருந்தால் இன்னும் நல்லது. வேகத்தைக் குறைத்து, நீளமாக, நிதானமாக இழுங்கள்.

தேய்க்கும்போது இன்னொரு வெறுங்கையைக் குதிரையின் உடம்பில் வைத்தபடியே இருங்கள். இரண்டு உடம்பும் ஒட்டியிருக்கும்வரை மின்னூட்டம் சமமாகவே இருக்கும். பொறி பறக்க இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியை நாம் கொடுப்பதில்லை. காரிலிருந்து இறங்கும்போது கதவின் இரும்பைப் பிடித்தபடியே காலைத் தரையில் வைத்தால் ஷாக் அடிக்காது இல்லையா, அதே கணக்கு.

போர்வையை எடுக்கும்போது 'சர்'ரென்று ஒரே இழுப்பாக உருவாதீர்கள். இருட்டில் அப்படி உருவினால் நீலப் பொறிகள் கண்ணுக்கே தெரியும். (அழகாகத்தான் இருக்கும், அதற்காக வீடியோ எடுக்கக் குதிரையைப் படுத்த வேண்டாம்.) போர்வையைப் பின்பக்கமாக மடித்து, பிறகு தூக்கி எடுங்கள். அடியில் ஒரு பழைய பருத்தி வேட்டியோ போர்வையோ விரித்து, அதன்மேல் செயற்கை இழைப் போர்வையைப் போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பருத்தி கொஞ்சம் ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

துணிக்குப் போடும் கண்டிஷனரைத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் இருக்கும் வாசனைப் பொருள் குதிரையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தேங்காய் எண்ணெய் வாலுக்கும் பிடரிக்கும் ஒரு துளி சரி. முதுகில் தடவினால் சேணம் வழுக்கும், தூசியும் அப்பும். அடிக்கடி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவதையும் பனிக்காலத்தில் குறைத்துக்கொள்ளலாம். ரோமத்தில் இருக்கும் இயற்கை எண்ணெய் போய்விட்டால் வறட்சி கூடி, பொறியும் கூடும்.

சவாரிக்குப் போகும் நீங்கள்

குதிரையைத் தொடுவதற்கு முன் பக்கத்தில் இருக்கும் சிமெண்ட் சுவர், மரக்கம்பம், இரும்பு வேலி எதையாவது ஒரு முறை தொடுங்கள். உங்களிடம் சேர்ந்தது அங்கே போய்விடும். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, குதிரை உங்களைப் பார்க்கும்படி பக்கவாட்டில் வந்து, தோள்பட்டையில் உள்ளங்கையை முழுதாக வையுங்கள். விரல் நுனியால் தொட்டால் மின்னூட்டம் முழுவதும் ஒரே புள்ளியில் பாயும், அதுதான் வலிக்கிறது. மூக்கு, உதடு, காது மூன்றும் முதல் தொடுதலுக்கு ஆகாத இடங்கள். மூக்கைச் சுற்றியிருக்கும் மீசை முடிகளின் வேர்களில் நரம்புகள் நிறைய. பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிக்கொடுங்கள்.

சேணத்தில் உட்கார்ந்து ஆடி ஆடிப் போகும்போது உங்கள் பேன்ட்டும் சேணமும் உரசிக்கொண்டேதான் இருக்கும். இறங்கும்போது ஒரு கையைக் கழுத்தில் வைத்தபடியே இறங்குங்கள். குதிரைக்காரர் அண்ணனிடம், "அண்ணே, இன்னிக்குக் காத்து வறண்டு கிடக்கு, ஷாக் அடிக்குதா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தன் குதிரையைப் பற்றித் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

நிலை மின்சாரம் இல்லாத 'ஷாக்'

எல்லா ஷாக்கையும் "குளிருக்கு அப்படித்தான்"ன்னு தள்ளிவிடக் கூடாது. இந்தப் பகுதியைக் குதிரைக்காரர்கள் மட்டுமில்லை, வீட்டில் மாடு வைத்திருப்பவர்களும் படிக்க வேண்டும்.

2011 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் நியூபரி குதிரைப் பந்தய மைதானத்தில், பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வளாகத்தில் இரண்டு குதிரைகள் திடீரென்று சரிந்து விழுந்து இறந்தன. பக்கத்தில் நடந்த மனிதர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. புல்தரைக்கு அடியில் புதைந்திருந்த பழைய மின்கேபிளிலிருந்து கசிந்த மின்சாரமே காரணம் என்று பிறகு தெரிந்தது. மனிதர்கள் ரப்பர் அடி ஷூ போட்டிருந்தார்கள். குதிரைகளின் காலில் உலோக லாடம். அதோடு, குதிரையின் முன்காலுக்கும் பின்காலுக்கும் ஒரு மீட்டருக்கு மேல் தூரம். கசிவுள்ள தரையில் அந்த இரண்டு இடங்களுக்கும் மின்னழுத்தம் வேறாக இருக்கும், மின்சாரம் ஒரு காலில் ஏறி உடம்பு வழியாக மறு காலில் இறங்கும். மழைக்காலத்தில் அறுந்து விழுந்த கம்பிக்குப் பக்கத்தில் மாடுகள் பலியாவதும் இதே வழியில்தான்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி? நிலை மின்சாரம் ஒரு 'டப்'போடு முடிந்துவிடும். மறுபடி உரசினால்தான் மறுபடி வரும், அதுவும் வறண்ட நாளில். கசிவு மின்சாரம் தொட்ட ஒவ்வொரு முறையும் 'ஜிவ்வு'ன்னு அதிரும், தரை ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். குறிப்பிட்ட தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போகவே குதிரை மறுக்கிறது, தாகமிருந்தும் வாய் வைத்துவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது, ஒரே இரும்புக் கேட்டருகே தினமும் மிரள்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். கையை வைத்துச் சோதிக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். குதிரை விழுந்து கிடந்தால்கூட மின்சாரத்தை நிறுத்தும்வரை அதைத் தொடக் கூடாது. கயிற்றைப் பிடித்து இழுக்கவும் கூடாது.

கம்பம், தெருக்கம்பி, மீட்டர்வரை உள்ள இணைப்பில் கோளாறு என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம். பேசும்போது மின் இணைப்பு எண், கம்பம் இருக்கும் இடத்தின் அடையாளம் இரண்டையும் கையில் வைத்திருங்கள். மீட்டருக்குப் பிறகு லாயத்துக்குள் ஓடும் வயரிங் நம் பொறுப்பு. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து எர்த் இணைப்பைப் பார்க்கச் சொல்லி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டச் சொல்லுங்கள். ரோமம் வெட்டும் மெஷினை வயரில் ஓட்டுபவர்கள் இதில்லாமல் ஓட்டவே வேண்டாம், பேட்டரியில் ஓடுவது இன்னும் நிம்மதி.

மின்சாரம் நின்ற பிறகு குதிரை தள்ளாடினாலோ, எழ முடியாமல் கிடந்தாலோ, தோலில் கருகல் தெரிந்தாலோ கால்நடை அவசர உதவிக்கு 1962. மருத்துவர் வரும்வரை வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள். கூட்டம் சேர விடாமல், தலைப்பக்கம் தெரிந்த ஆள் ஒருவர் மட்டும் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கட்டும்.